கூடப் போன கை

முத்திரைக்காரரின் வலது கை மொத்தம் தொண்ணூறு கோடி கடிதங்களைக் குத்தியிருக்கிறது. அவ்வளவு வராது என்பவர்கள் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், நாம் கதைக்குப் போவோம்.

முப்பத்துநான்கு வருடம், தபால் நிலையத்தின் பின்னறையில், ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி உயரமான மர ஸ்டூலில் உட்கார்ந்து அவர் குத்தினார். மைப்பெட்டியில் ஒரு டப், கடிதத்தில் ஒரு டப். அந்த வேகத்தைக் கேட்ட மரங்கொத்திகள் வெட்கப்பட்டு வட்டாரத்தையே காலி செய்துவிட்டுப் போயின. அந்தக் கைக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. தொட்டதும் எடு. ஒரு இமைப்பு கூடுதலாகத் தங்கினாலும் மை இழுபடும். தேதியில் உள்ள மூன்று எட்டாகும். மூன்று எட்டானால் எங்கோ ஒருவருடைய விண்ணப்பம் ஐந்து நாள் தாமதமாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேலதிகாரி காதருகே வந்து கத்திய சட்டம் அது. கை அதைக் கேட்டுக்கொண்டது. பிறகு மறக்கவேயில்லை.

அவருடைய வாய் மட்டும் இந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. அது ஒரு விஷயத்தைத் தொட்டால் எடுக்கவே எடுக்காது.

வம்பு அங்கேதான் தொடங்கியது. மகளின் கல்யாணம் பேசி முடித்த அன்று, சம்பந்தியாகப் போகிறவர் சோபாவில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர், ஓய்வு பெற்றவர், நீண்ட விரல்கள், நீண்ட மூக்கு, நீண்ட பெருமூச்சு.

"எங்க கோல்ஃப் மைதானத்துல ஏழாவது குழிக்கு முன்னாடி ஒரு குளம் இருக்குங்க" என்றார். "பதினொரு வருஷமா என்னால அதைத் தாண்ட முடியல. என் பந்து எல்லாம் அடியிலதான் கிடக்கு. குளத்து மீனுக்கெல்லாம் அந்தப் பந்தாலயே பல்லு கட்டினாலும் மிச்சம் இருக்கும்."

சொன்னபோது அவர் கண்ணில் ஒரு மெல்லிய ஈரம் தெரிந்தது. அதைப் பார்த்த முத்திரைக்காரரின் மனம் இளகியது. மனம் இளகினால் அவருக்கு வாய் திறந்துகொள்ளும்.

"குளம் என்ன அகலம் இருக்கும்?"

"நூத்தி இருபது கஜம்."

"ப்பூ! காபி ஆறறதுக்குள்ள தாண்டிட்டு வந்து மிச்சத்தைக் குடிப்பேனே."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஒரு இருமல் இருமினார். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் மேற்பார்வை பார்த்தவர். அந்த இருமலைக் கேட்டால் ஓடுகிற சலவை இயந்திரமே நின்றுவிடும். வாய் நிற்கவில்லை. கோல்ஃப் என்கிற விளையாட்டை முத்திரைக்காரர் வாழ்க்கையில் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருந்தார்: ஒரு தபால்தலையில். தொப்பி போட்ட ஒரு மனிதர் மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு தூரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மனிதரின் தலையில்தான் இவர் லட்சம் தடவை டப் என்று குத்தியிருக்கிறார்.

கல்யாணம் முடிந்து ஆறு மாதம் கழித்து சம்பந்தி போன் செய்தார்.

"ஜோடி ஆட்டம் வருது சம்பந்தி. ரெண்டு பேருக்கு ஒரே பந்து, மாத்தி மாத்தி அடிக்கணும். ஒத்தைப்படைக் குழிக்கெல்லாம் முதல் அடி உங்களுது. ஏழு ஒத்தைப்படை. புரியுதா?"

"புரியுது" என்றார் முத்திரைக்காரர்.

"என் பழைய ஜோடி பூகோள வாத்தியாரைக் கூட விட்டுட்டேன். இனிமே என் சம்பந்திதான்னு சொல்லிட்டேன். மனுஷன் ஒரு மாசமா என்கூடப் பேசறதில்ல. பரவாயில்ல. குளம் தாண்டிடுச்சுன்னா எல்லாம் சரியாயிடும்."

போனை வைத்துவிட்டு முத்திரைக்காரர் வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு வந்திருக்கும் அவமானத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அதற்கெல்லாம் அவருக்குப் பழக்கம் உண்டு. ஆனால் ஒரு மனிதர் தன் வாய்ப்பேச்சை நம்பி, பதினொரு வருடச் சிநேகிதத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்திருக்கிறார். அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஆட்டத்துக்கு ஏழு வாரம் இருந்தது.

மாப்பிள்ளையிடம் மட்டும் உண்மையைச் சொல்லவேண்டி வந்தது. மட்டை கொடுக்க வேறு ஆள் இல்லை.

"மாமா, அப்பா மைதானம் பூரா சொல்லி வெச்சிருக்காரு. தோட்டக்காரர் வரைக்கும் தெரியும்."

"தெரியட்டும் மாப்பிள்ளை. நீங்க வாயத் திறக்காதீங்க. நம்ம குடும்பத்துல ஒரு வாய் திறந்தது போதும்."

வீட்டின் பின்பக்கச் சிமெண்ட் முற்றத்தில் ஒரு கால்மிதியைப் போட்டு, எதிர்ச்சுவரில் பழைய கொசுவலையைத் தொங்கவிட்டு, பயிற்சி ஆரம்பமாயிற்று. மட்டையைத் தூக்குவதில் முத்திரைக்காரர் மன்னர். தபால்தலை மனிதரே இறங்கி வந்துவிட்டாரோ என்று தோன்றும். கீழே கொண்டுவருவதிலும் குறையில்லை. ஆனால் மட்டை பந்தைத் தொடும் அந்த இடத்தில் ஏதோ ஆகிவிடும். பந்து, கூச்சப்பட்ட குழந்தை மாதிரி நாலடி உருண்டு நின்றுவிடும்.

மூன்றாவது வாரம் மாப்பிள்ளை தன் போனில் அதைப் படம் பிடித்து, சமையலறை மேஜையில் வைத்து மெதுவாக ஓட்டிக் காட்டினார். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியும் எட்டிப் பார்த்தார். தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல எல்லாம் மெல்ல நடந்தது. இடது கை கயிறு மாதிரி நேராக இறங்கியது. வலது முழங்கை இடுப்பை ஒட்டி வந்தது. வலது மணிக்கட்டு பின்பக்கமாக மடிந்து, தட்டு ஏந்துகிறவர் கைபோல இருந்தது. மட்டையின் தலை பந்தை நெருங்கியது. தொட்டது. தொட்டதுதான் தாமதம், இரண்டு முழங்கைகளும் மடங்கி, இரண்டு கைகளும் சுடுபாத்திரத்தைத் தொட்டவை போல மேலே துள்ளிக்கொண்டு ஓடின.

"இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றார் மனைவி. பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார். "இது முத்திரை குத்துற கைங்க."

"என்னம்மா சொல்ற?"

"பாருங்களேன். தொட்டதும் எடுக்குது. மை இழுபட்டுடுமாம்."

மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் பீன்ஸ் கூடையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். "அத்தை சொல்றது சரிதான் மாமா. மட்டை பந்தைத் தொட்டதுக்கப்புறம்தான் ரெண்டு கையும் நீளணும். உங்களுது வீட்டுக்குத் திரும்பி வந்துடுது."

சரி, எடுக்காமல் இருந்தால் ஆயிற்று என்று மறுநாள் முத்திரைக்காரர் பிடிவாதமாகக் கையை விட்டுக்கொடுத்தார். அதிகமாகவே விட்டுக்கொடுத்துவிட்டார். மட்டை பந்தை விட்டுவிட்டுத் தான் மட்டும் பறந்து போய்ப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்தது. அங்கிருந்து அது மூன்று மேகங்களைத் தாண்டிப் போயிருக்கும், தொட்டி குறுக்கே வந்துவிட்டது.

"இன்னைக்கு மட்டும் இது மூணாவது தடவை" என்று பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலாக மட்டையை நீட்டினார். "அடுத்த தடவை வந்தா நான் விளையாட ஆரம்பிச்சிடுவேன்."

அன்று பிற்பகல் சோர்ந்துபோய்ச் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தபோது முத்திரைக்காரருக்கு ஒரு கனவு வந்தது. அதே பின்னறை, அதே மர ஸ்டூல். ஆனால் எதிரே வெள்ளைச் சுவர் இல்லை. பஞ்சு மாதிரி வெளிச்சம் மட்டும் இருந்தது. மேஜைமேல் கடிதங்களுக்குப் பதிலாக வெள்ளைப் பந்துகள் வரிசையாக உருண்டு வந்தன. ஒவ்வொன்றின் குழிகளுக்குள்ளும் பொடி எழுத்தில் ஒரு விலாசம். கடற்கரை வீடு ஒன்று. மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடம். ஒரு கப்பலின் மூன்றாவது அறை. அவர் டப் என்று குத்தினார். பந்து நிமிர்ந்து பார்த்து, "வர்றீங்களா?" என்று கேட்டது. அதற்குள் கை மேலே போய்விட்டது. பந்து தனியாக வெளிச்சத்துக்குள் உருண்டு மறைந்தது. அடுத்த பந்து வந்தது. "வர்றீங்களா?" அடுத்தது. தொண்ணூறு கோடி பந்துகளும் மிகுந்த மரியாதையோடு கேட்டன. ஒன்றுக்குக்கூட அவரால் பதில் சொல்ல முடியவில்லை. கை ஒவ்வொரு தடவையும் முந்திக்கொண்டது.

சளார் என்ற சத்தத்தில் விழித்தார். மனைவி முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பாதிக் கண் திறந்தபடி முத்திரைக்காரர் பார்த்தார். நீலப் பக்கெட். இடது கை பிடியில், வலது உள்ளங்கை அடிப்பாகத்தில். உடம்பு கொஞ்சம் திரும்பியது. இடது கை நேராக முன்னால் வர, வலது முழங்கை இடுப்பை உரசிக்கொண்டு பின்னாலேயே வந்தது. தண்ணீர் பக்கெட்டை விட்டுக் கிளம்பியது. கிளம்பிய பிறகுதான் இரண்டு கைகளும் அதன் பின்னாலேயே நீண்டு, நீண்டு, விரல் நுனிவரை போயின. ஒரு கண்ணாடிப் படுக்கை விரிப்பு முற்றம் முழுக்க விரிந்து எதிர்ச்சுவரைத் தொட்டது. அதற்குள் சாயங்கால வெயில் மஞ்சளாக ஒரு தடவை புரண்டு படுத்தது.

"இவளே, அதை இன்னொரு தடவை ஊத்து."

"எதுக்கு? சுத்தமாயிடுச்சே."

"ஊத்தேன்!"

அவர் ஊற்றினார். அப்புறம் பக்கெட்டை நிரப்பி இவர் கையில் கொடுத்தார். முத்திரைக்காரர் வீசினார். தண்ணீர் கிளம்பும் நேரம் பார்த்துக் கை வெடுக்கென்று பின்வாங்கியது. தண்ணீர் நேராக மேலே எழும்பி, சற்று யோசித்து, அவர் தலைமேலேயே விழுந்தது.

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வழியனுப்ப வாசல் வரைக்கும் வந்துட்டு, அது மூஞ்சியிலேயே கதவைச் சாத்தறீங்களே! கொஞ்ச தூரம் கூட நடந்து போய் விட்டுட்டு வாங்க. பக்கெட்டைப் பிடிச்சுக்குங்க. தண்ணிய மட்டும் விடுங்க."

அன்றிலிருந்து அந்த முற்றம் உலகத்திலேயே சுத்தமான முற்றமாயிற்று. பாசி மூட்டை கட்டிக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போனது. மழைக்காலம் வந்துவிட்டதென்று நம்பி, வடிகால் தவளைகள் மூன்று மாதம் முன்னதாகவே கச்சேரி வைத்தன. பத்தாவது நாள் தண்ணீர் எதிர்ச்சுவரைத் தொட்டது. அப்புறம் மட்டையை எடுத்தார். பந்து இல்லாமல் வீசும்போது கை அழகாகப் போயிற்று. பந்தை வைத்தால் அதற்குப் பழைய ஞாபகம் வந்துவிடும். பத்துக்கு ஒன்று, அப்புறம் இரண்டு. ஆட்டத்துக்கு முந்தின நாள் திடலில் அடித்துப் பார்த்தபோது, பத்துக்கு மூன்று சரியாகப் போயிற்று. ஏழு நாலடி உருண்டு நின்றது.

ஆட்டத்தன்று காலையில் மைதானத்தில் பனிமூட்டம். மரங்கள் இடுப்புவரை கரைந்து நின்றன. மனிதர்கள் பேசும் சத்தம் ஆளுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. மட்டைப் பையோடு ஒரு நீலப் பக்கெட்டும் வருவதைச் சம்பந்தி கவனித்தார்.

"இது எதுக்கு சம்பந்தி?"

"பந்து கழுவ."

"ஓஹோ!" என்று சம்பந்தி பக்தியோடு தலையசைத்தார். பெரிய ஆட்டக்காரர்களுக்கு ஏதாவது ஒரு பழக்கம் இருக்கத்தானே செய்யும்.

முதல் குழியில் முத்திரைக்காரரின் பந்து நாலடி உருண்டது. மூன்றாவதில் ஆறடி. ஐந்தாவதில் பந்து போகவேயில்லை, புல் மட்டும் போயிற்று. ஒவ்வொரு தடவையும் சம்பந்தி தோளைத் தட்டிக்கொடுத்தார். "எல்லாத்தையும் ஏழுக்காகச் சேர்த்து வைக்கிறீங்க. எனக்குப் புரியுது." இரண்டு, நான்கு, ஆறில் அவர் அடித்ததைப் பார்த்தபோது முத்திரைக்காரருக்கும் ஒன்று புரிந்தது. சம்பந்தி பந்தை அடிக்கவில்லை, பிடுங்கினார். மட்டை பந்தைத் தொடும் நேரம் பார்த்து, கடைவாய்ப் பல்லை எடுப்பதுபோல இரண்டு கைகளையும் பலமாக மேலே இழுத்தார். முப்பது வருடம் இழுத்த கை. பாவம், அதுவும் தன் வேலையை மறக்கவில்லை.

அந்தக் கையைப் பார்த்தபிறகு முத்திரைக்காரரால் பொய்யைத் தூக்கிக்கொண்டு ஒரு அடிகூட நடக்க முடியவில்லை.

ஏழாவது குழி. குளத்தின்மேல் பனி பாலாடைபோலக் கிடந்தது. எதிர்க்கரை தெரிந்தும் தெரியாமலும் இருந்தது; அங்கே ஒரு சிவப்புக் கொடி காற்றில்லாமல் தூங்கியது. சற்றுத் தள்ளி ஒரு மரத்தடியில், கையைக் கட்டிக்கொண்டு பூகோள வாத்தியார் நின்றார். வேறு எங்கோ பார்ப்பதுபோல இங்கேதான் பார்த்தார்.

"சம்பந்தி" என்றார் முத்திரைக்காரர். "எனக்கு இந்த விளையாட்டே தெரியாது. அன்னைக்குச் சும்மா அளந்து விட்டேன். கோல்ஃபை நான் தபால்தலையிலதான் பாத்திருக்கேன்."

சம்பந்தியின் முகத்தில் பனி இறங்கியது.

"எவ்வளவு நாளா ஆடறீங்க?"

"ஏழு வாரமா."

"ஏழு வருஷமா?"

"வாரம்."

சம்பந்தி குளத்தைப் பார்த்தார். மரத்தடியைப் பார்த்தார். தன் நீண்ட விரல்களைப் பார்த்தார். "அவர்கிட்ட நான் என்ன சொல்லுவேன்?" என்றார் மெதுவாக.

"நான் போய்ச் சொல்றேன். காலைப் பிடிச்சாவது சொல்றேன். தப்பு என்னுது."

ஒரு பறவை குளத்தை நிதானமாகக் கடந்து போயிற்று, ஏதோ இவர்களுக்குச் சொல்லிக்காட்டுவதுபோல. பிறகு சம்பந்தி ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார்.

"என் நாற்காலில சாஞ்சவங்க எல்லாரும் இப்படித்தான். ராத்திரி பல்லு தேய்க்கிறதில்லைங்கற உண்மையை, ஊசியைப் பாத்தப்புறம்தான் சொல்லுவாங்க. பத்துக்கு எத்தனை தாண்டும்?"

"மூணு."

"எனக்குப் பதினொரு வருஷத்துல பூஜ்யம். மூணு நல்ல நம்பர்தான். அடிங்க."

முத்திரைக்காரர் முதலில் பக்கெட்டை எடுத்துக்கொண்டு குளத்தில் இறங்கி மொண்டு வந்தார். மரத்தடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் காதில் விழவில்லை. கொடியைப் பார்த்துத் திரும்பி நின்று வீசினார். தண்ணீர் பனிக்குள் விரிந்தது; கைகள் கூடவே போயின; குளம் தன் தண்ணீரைத் தானே வாங்கிக்கொண்டது. அந்தக் கைச்சூடு ஆறுவதற்குள் மட்டையைப் பிடித்தார், தூக்கினார், இறக்கினார்.

மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம், ஒரு நொடியை இரண்டாயிரம் துண்டாக நறுக்கினால் ஒரு துண்டு. மாப்பிள்ளை அப்படித்தான் சொல்லியிருந்தார். அந்தத் துண்டு இவ்வளவு பெரிய இடம் என்று அவர் சொல்லவில்லை. முத்திரைக்காரர் அதற்குள் நாற்காலி போட்டு உட்காரலாம்போல இருந்தது. உட்கார்ந்தார். இடது புறங்கை கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது மணிக்கட்டு தட்டு ஏந்தியபடி மடங்கியே இருந்தது, அவசரப்படாமல். கைகள் பந்தைவிட ஒரு சாண் முன்னால் வந்து நின்று அதற்காகக் காத்திருந்தன. பந்து மட்டையின் முகத்தில் லேசாக அமுங்கி, தலையணையில் முகம் வைத்த பிள்ளைபோல ஒருக்களித்துக் கிடந்தது. எல்லாம் வெள்ளையாக, சத்தமில்லாமல் இருந்தன. எங்கோ வெகுதூரத்தில் மேலதிகாரி "எடு! எடு!" என்று கத்திக்கொண்டிருந்தார், அந்தக் குரல் வந்து சேர இன்னும் பல வருடம் ஆகும்.

பந்து நிமிர்ந்து பார்த்தது. "வர்றீங்களா?"

"வர்றேன்" என்றார் முத்திரைக்காரர்.

இரண்டு கைகளும் நீண்டன. முழங்கைகள் நிமிர்ந்தன. வலது கை மெல்லப் புரண்டு இடது கையின்மேல் ஏறி, இரண்டும் சேர்ந்து குளத்தின்மேல் நடந்தன. பந்து முன்னால் போயிற்று; கைகள் பேசிக்கொண்டே கொஞ்ச தூரம் அதோடு போயின. கடற்கரை வீட்டைத் தாண்டி, மலைப் பள்ளிக்கூடத்தைத் தாண்டி, கப்பலின் மூன்றாவது அறை ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, தொண்ணூறு கோடி விலாசங்களுக்கும் ஒரு தடவை போய்விட்டு, நிதானமாக இடது தோளுக்கு மேலே வந்து ஓய்ந்தன. தபால்தலை மனிதர் நின்ற அதே நிலை. அவர் இத்தனை வருடம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இப்போது தெரிந்தது.

பனிக்கு அப்பால் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. தண்ணீரில் விழும் சத்தமல்ல. புல்லில் விழும் சத்தம்.

கொடியிலிருந்து பதினைந்தடியில் ஒரு வெள்ளைப் புள்ளி உட்கார்ந்திருந்தது.

முத்திரைக்காரர் திரும்பிப் பார்த்தார். சம்பந்தி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அதை மூட வேண்டும் என்பதே அவருக்கு நினைவில்லை.

"இன்னும் கொஞ்சம் பெருசாத் திறங்க சம்பந்தி" என்றார் முத்திரைக்காரர். "கடைவாய் சரியாத் தெரியல."

மரத்தடியிலிருந்துதான் முதல் கைத்தட்டல் வந்தது. பின்னாலேயே பூகோள வாத்தியாரும் வந்தார். சம்பந்தியின் முகத்தைப் பார்க்காமல், குளத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"எல்லாரும் நூத்தி இருபது கஜம்னு சொல்றீங்க. நூத்தி இருபத்தாறு. நான் கயிறு போட்டு அளந்திருக்கேன்."

"பதினொரு வருஷத்துல ஒரு தடவையாவது எங்கிட்ட சொன்னியா நீ?" என்றார் சம்பந்தி.

"நீ தாண்டினா சொல்லலாம்னு இருந்தேன்."

சம்பந்தி அவர் தோளில் கை போட்டார். அந்தக் கை இழுக்கவில்லை, அங்கேயே இருந்தது. மூன்று பேரும் குளத்தைச் சுற்றி நடந்தார்கள். அந்த ஆட்டத்தில் சம்பந்தி ஜோடிக்குக் கடைசி இடத்துக்கு முந்தின இடம் கிடைத்தது. அதற்கும் கீழே ஒரு ஜோடி இருந்தது என்பதை இன்றுவரை யாரும் நம்புவதில்லை.

ஏழாவது குழியின் கொடியருகில் நின்றபோதே மனைவியின் போன் வந்தது.

"தாண்டிச்சா?"

"தாண்டிச்சு."

"கை?"

முத்திரைக்காரர் குளத்தைப் பார்த்தார். பனி விலகி, தண்ணீர் வானத்தை வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. "கூடப் போச்சும்மா. இன்னும் திரும்பி வரல."

"வரும், வரும். வரும்போது பக்கெட்டை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. காலையிலேர்ந்து முற்றம் கழுவல."

எதிர்க்கரையில், அடித்த இடத்திலேயே, நீலப் பக்கெட் தனியாக உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.